திரைக்குள் விளையும் வயல்

(இளங்கலைத் தமிழ், மூன்றாம் ஆண்டு)

கோவில் திடலில் விடிய விடிய அரிச்சந்திரன் நாடகம் நடக்கிறது. மயானக் காட்சி வருகிறது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டிமார் முந்தானையால் கண்களைத் துடைத்துக் கொள்கிறார்கள். சந்திரமதியாக நிற்பவர் மீசையை மழித்துவிட்டு வந்த ஓர் ஆண் என்பதும், மடியில் பிணமாகக் கிடக்கும் லோகிதாசன் காட்சி முடிந்ததும் எழுந்து தேநீர் குடிக்கப் போவான் என்பதும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அழுகிறார்கள். அந்தக் கண்ணீர் பொய்யா? பொய் என்று சொல்லும் துணிவு யாருக்கும் வராது.

அந்தப் பழைய கண்ணீருக்கும், கைப்பேசித் திரைக்குள் இருக்கும் ஒரு பசுவுக்குப் பசிக்குமே என்று நள்ளிரவில் விழித்தெழும் இன்றைய சிறுவனின் பதைப்புக்கும் உறவு உண்டு, வேறுபாடும் உண்டு. இவ்விரண்டையும் ஆராய்ந்து, கல்விக்கு இப்பாசத்தால் விளையும் நன்மை யாது, தீமை யாது என்று எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெய்யும் மெய்ப்பாடும்

தமிழில் ‘மெய்’ என்னும் சொல்லுக்கு உண்மை என்றும் பொருள் உண்டு. உடம்பு என்றும் பொருள் உண்டு. உள்ளத்தின் உணர்ச்சி உடம்பின் வழியே வெளிப்படுவதைத் தொல்காப்பியர் ‘மெய்ப்பாடு’ என்றார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என அவற்றை எட்டாக வகுத்து, அவற்றுக்கென ஓர் இயலையே ஒதுக்கினார்.

கணிப்பொறியால் படைக்கப்படும் உலகங்களை இன்று ‘மெய்நிகர் உலகம்’ என்கிறோம். அங்கே மெய் இல்லை. தொடுவதற்கு உடம்பும் இல்லை, மிதிப்பதற்கு மண்ணும் இல்லை. ஆனால் மெய்ப்பாடு உண்டு. விளையாடுபவனின் கை வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, தோற்றால் கண் கலங்குகிறது. எட்டு மெய்ப்பாடுகளில் எதுவும் அங்கே குறைவில்லை. உலகம் நிகரானது, உணர்ச்சியோ மெய்யானது. இதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் மேற்கொண்டு பேச முடியும். “வெறும் விளையாட்டுக்குப் போய் அழுகிறாயே” என்று பிள்ளைகளை ஏசுகிறவர்கள் இந்த முதற்படியிலேயே இடறுகிறார்கள்.

நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்ததே புலனெறி வழக்கம் என்பதும் தொல்காப்பியம் காட்டும் நெறி. கற்பனை தனியே நிற்பதில்லை. வாழ்க்கையோடு கைகோத்தே நிற்கிறது. கூத்துக்கு ஒரு விடியல் உண்டு. விளக்கை அணைத்ததும் பாட்டி எழுந்து சாணம் தெளிக்கப் போய்விடுவாள். நாடக வழக்கிலிருந்து உலகியல் வழக்குக்குத் திரும்பும் பாதை அங்கே திறந்தே இருந்தது. மெய்நிகர் உலகத்துக்கு விடியல் கிடையாது. அது நம்மைப் பார்வையாளராக உட்கார வைப்பதில்லை. பாத்திரமாகவே உள்ளே இழுத்துக்கொள்கிறது. நாம் பேசினால் பதில் சொல்கிறது. நாம் போகாவிட்டால் கூப்பிடுகிறது. வேறுபாடு இதுவே.

பாசம் பிறக்கும் வழிகள்

உயிரற்ற ஒன்றின்மேல் பாசம் எவ்வாறு பிறக்கிறது? மூன்று வழிகளைச் சொல்லலாம்.

முதலாவது, மறுமொழி. 1966இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்பவர் ‘எலிசா’ என்னும் உரையாடும் நிரலை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்யும் வாக்கியத்தையே சற்றுத் திருப்பிக் கேள்வியாகக் கேட்பதைத் தவிர அதற்கு வேறு திறமை இல்லை. அவர் அதை உருவாக்குவதை மாதக்கணக்கில் அருகிலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, ஒருநாள் அதனோடு சில வரிகள் பேசியபின், வைசன்பாமைச் சற்று அறையை விட்டு வெளியே போகும்படி கேட்டுக்கொண்டாராம். இயந்திரத்தோடு தனிமையில் பேச விரும்பினார் அவர்! வைசன்பாம் திடுக்கிட்டார், பின்னாளில் கணிப்பொறியை அளவுக்கு மீறி நம்புவதைக் கண்டித்து 1976இல் ஒரு நூலே எழுதினார்.

இரண்டாவது, பேணுதல். 1996இல் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் ‘தமகோச்சி’ என்னும் முட்டை வடிவ விளையாட்டுப் பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிறு திரை ஒன்று, பொத்தான்கள் மூன்று, அவ்வளவே. திரையில் தெரியும் குஞ்சுக்கு வேளைக்கு உணவூட்ட வேண்டும், கழிவை அகற்ற வேண்டும். மறந்தால் அது செத்துவிடும். பிள்ளைகள் அதைப் பள்ளிக்கு எடுத்துச் செல்ல, பல பள்ளிகள் அதற்குத் தடை விதித்தன. ஷெர்ரி டர்க்கிள் என்னும் ஆய்வாளர் இப்பிள்ளைகளைக் கவனித்து ஓர் உண்மையைக் கண்டார். நேசிப்பதை நாம் பேணுகிறோம் என்பது பழைய செய்தி. பேணுவதை நேசிக்கத் தொடங்கிவிடுகிறோம் என்பதே அவர் கண்டது. நாற்றுக்குத் தண்ணீர் கட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவது, உருவெடுத்தல். 2003இல் வெளிவந்த ‘செகண்ட் லைஃப்’ போன்ற உலகங்களில் ஒவ்வொருவரும் தமக்கென ஓர் உருவத்தைப் படைத்துக்கொண்டு நடமாடலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் ஆகிய இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு வியப்புக்குரியது. உயரமான உருவம் தரப்பட்டவர்கள், குட்டையான உருவம் தரப்பட்டவர்களைவிடப் பணம் பங்கிடும் பேரத்தில் உறுதியோடு பேசினார்கள். அணிந்த வேடம் அணிந்தவரையே மாற்றிவிடுகிறது. வேடம் கட்டிய கூத்தரின் நடையே மாறிப் போவதைப் பார்த்தவர்கள் இதை எளிதில் நம்புவார்கள்.

இவையெல்லாம் கடல் கடந்த கதைகள் என்று எண்ண வேண்டா. 2022 பிப்ரவரியில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றில் ஒரு திருமணம் நடந்தது. கொரோனாக் கட்டுப்பாடுகளால் எல்லோரையும் அழைக்க இயலாத நிலையில், வரவேற்பை மெய்நிகர் உலகில் நடத்தினார்கள். விருந்தினர் கைப்பேசி வழியே உருவம் எடுத்துவந்து வாழ்த்தினர். முந்தைய ஆண்டு காலமாகிவிட்ட மணமகளின் தந்தையும் அங்கே ஓர் உருவமாக நின்று மகளை ஆசீர்வதித்தார். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. சுவரில் மாட்டிய படத்துக்கு மாலையிட்டு, “அப்பா, ஆசீர்வாதம் பண்ணுங்க” என்று கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் இல்லையா? அந்தப் படம் அசையத் தொடங்கினால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

சுரக்குடியில் ஒரு கோதுமை வயல்

எங்கள் ஊர் சுரக்குடி, திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்தது. காவிரிப் பாசனத்தின் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லா ஊர் வயலையும் நனைத்த பிறகுதான் எங்கள் வாய்க்காலுக்கு வரும். சில ஆண்டுகளில் வராமலே போகும்.

2020ஆம் ஆண்டு கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்த காலத்தில், ஏழாம் வகுப்பில் இருந்த என் சித்தப்பா மகன் கைப்பேசியில் ‘ஹே டே’ என்னும் பண்ணை விளையாட்டில் மூழ்கிக் கிடந்தான். பின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட விளையாட்டு அது. சுற்றிலும் சம்பா நாற்று பச்சைப் பசேலென்று நிற்க, எங்கள் மண்ணில் ஒருநாளும் விளையாத கோதுமையை அவன் திண்ணையில் உட்கார்ந்தபடி விளைவித்துக் கொண்டிருந்தான். சித்தப்பாவின் நெல்லுக்கு நான்கைந்து மாதம் வேண்டும். அவன் கோதுமைக்கு இரண்டே நிமிடம்!

அவனுடைய பழைய ரஃப் நோட்டு ஒன்றை ஒருநாள் புரட்டிப் பார்த்தேன். கோதுமைக்கு இரண்டு நிமிடம், மக்காச்சோளத்துக்கு ஐந்து நிமிடம், கேரட்டுக்குப் பத்து நிமிடம் எனப் பட்டியல் இட்டிருந்தான். எதை விதைத்தால் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கிடைக்கும், கையில் கைப்பேசி இல்லாத நேரத்துக்கு எந்தப் பயிர் ஏற்றது என்றெல்லாம் கணக்குப் போட்டிருந்தான். நேர் விகிதமும் எதிர் விகிதமும் அன்றி அது வேறென்ன? அதே நேர், எதிர் விகிதப் பாடம் அவனுடைய ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலும் இருந்தது. அந்தப் பக்கங்களை மட்டும் அவன் திறக்கவே இல்லை. யாரும் கட்டாயப்படுத்தாமல் கற்றதை, கட்டாயப்படுத்தியபோது கற்க மறுத்தான்.

தீபாவளிக்குப் பிறகு அந்தக் கைப்பேசி பழுதாயிற்று. சரிசெய்து தந்தவர்கள் அதிலிருந்த யாவற்றையும் அழித்துவிட்டே தந்தார்கள். ஆறு மாதமாக வளர்த்த பண்ணை போயிற்று. பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் சிரித்தார்கள். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. “வெள்ளத்துல பயிர் போனா நமக்கு எப்படி இருக்கும்? அவனுக்கும் அப்படித்தான்” என்றார். எங்கள் வீட்டில் அவருக்குத்தான் அந்த அழுகை புரிந்தது.

வாடும் பயிரும் மூழ்கும் பயிரும்

பண்ணை விளையாட்டுகளுக்கெல்லாம் பெயர் வாங்கித் தந்தது ‘ஃபார்ம்வில்’. சிங்கா நிறுவனம் 2009 ஜூனில் முகநூலில் தொடங்கியது. விதைத்த பயிரைக் குறித்த நேரத்தில் வந்து அறுக்காவிட்டால் அது வாடிப்போகும். எனவே அலுவலகத்திலும் நள்ளிரவிலும் ஓடிவந்து அறுத்தார்கள். இதன் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். உழவனை வயலோடு பிணைப்பது இரண்டு: விளையும் என்னும் ஆசை, போய்விடுமோ என்னும் அச்சம். விளையாட்டை வடிவமைத்தவர்கள் இவ்விரண்டையும் எடுத்துக்கொண்டு, உழைப்பையும் மண்ணையும் விட்டுவிட்டார்கள்.

அந்த ஃபார்ம்வில், தான் இயங்குவதற்கு வேண்டிய ‘ஃபிளாஷ்’ என்னும் மென்பொருளின் காலம் முடிந்ததால், 2020 டிசம்பர் 31ஆம் நாள் மூடப்பட்டது. பதினோர் ஆண்டுகளாகப் பேணப்பட்ட வயல்கள் ஒரே இரவில் மறைந்தன.

அடுத்த இரண்டு வாரத்தில், 2021 ஜனவரியில், பொங்கலை ஒட்டிப் பெய்த பருவம் தவறிய மழையில் டெல்டா மாவட்டங்களில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தது. எங்கள் ஊரிலும் கதிர்கள் தண்ணீரில் கிடந்து முளைவிட்டன. என் தம்பி சித்தப்பாவோடு மண்வெட்டி எடுத்துப்போய் வரப்பை வெட்டி நீரை வடித்தான். திரையில் பயிர் போனதும் இழப்பு. வயலில் பயிர் போனதும் இழப்பு. ஆனால் ஒன்றில் மீண்டும் பொத்தானை அழுத்தினால் புதுப்பண்ணை கிடைக்கும். மற்றொன்றில் கடன் நிற்கும், அடுத்த விதைநெல்லுக்கு வழி தேட வேண்டும். இந்த வேறுபாட்டை எந்தத் திரையும் சொல்லித் தராது. சேற்றில் கால் வைத்தவனுக்கே தெரியும்.

அப்போது அவன் கேட்ட கேள்வி இன்றும் என் நினைவில் நிற்கிறது. “கேம்ல மாட்டுக்குப் பசிச்சா மணி அடிக்குது. வயலுக்கு மழை வருதுன்னு யாரு மணி அடிப்பா?”

விடை எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தது. காரைக்காலில் இந்திய வானிலை ஆய்வுத்துறையின் டாப்ளர் ராடார் இயங்குகிறது. அது நுண்ணலைகளை வானில் செலுத்துகிறது. மேகத்தின் நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பும் அலையின் வலிமையைக் கொண்டு மழையின் கனத்தை அறிகிறது. நெருங்கிவரும் தொடர்வண்டியின் ஊதல் கூர்மையாகவும், விலகிப் போகும்போது தணிந்தும் ஒலிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். அதுபோலவே திரும்பிவரும் அலையின் அதிர்வெண் மாறுவதைக் கொண்டு, துளிகள் ராடாரை நோக்கி வருகின்றனவா, விலகுகின்றனவா என்பதையும் கணிக்கிறது. இவற்றை வண்ணங்களாக்கிய படத்தைக் கைப்பேசியிலேயே காணலாம். பண்ணை விளையாட்டு இருந்த அதே திரையில் என் தம்பி இப்போது மேகத்தைப் பார்க்கிறான். எந்த வண்ணம் தூறல், எந்த வண்ணம் கனமழை என்று சித்தப்பாவுக்கு அவன்தான் சொல்கிறான். விளையாட்டில் கோதுமைக்குப் போட்ட கணக்கைப் போலவே சம்பாவுக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறான்: நாற்று விட்ட நாள், நடவுக் கூலி, உரச் செலவு, மழையளவு. 2021ஆம் ஆண்டின் அறுவடைக் கட்டத்தில் ‘பாதி’ என்று ஒரே சொல் எழுதியிருக்கிறது.

கல்விக்குப் பாசம் வேண்டுமா?

இனிக் கல்விக்கு வருவோம். தமிழ்நாடு அரசு 2019 ஆகஸ்டு 26இல் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே பள்ளிகள் மூடியபோது அது பெருந்துணையாயிற்று. அக்காலத்தில் காரைக்கால் பள்ளிகளிலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டமே இருந்ததால் நாங்களும் பார்த்தோம். நான் அப்போது பத்தாம் வகுப்பு. பாடங்கள் சீராகவே நடத்தப்பட்டன. ஆயினும், திரையில் தோன்றிய ஆசிரியருக்கு என் பெயர் தெரியாது. எனக்குப் புரியாதபோது அவர் நிறுத்த மாட்டார். மறுமொழி இல்லை, பேணுதல் இல்லை, எனக்கென ஓர் உருவமும் இல்லை. பாசம் பிறக்கும் மூன்று வழியும் அடைபட்டிருந்தன. ஒருபுறம் பாசமற்ற பாடம். மறுபுறம் பாடமற்ற பாசம். ஒரே கைப்பேசியில் இரண்டும் இருந்தால் பிள்ளை எதைத் தேர்ந்தெடுப்பான்?

இதற்கு வழிகாட்டியவர் சீமோர் பேப்பர்ட் என்னும் கணித அறிஞர். குழந்தைகளுக்கான ‘லோகோ’ என்னும் கணிப்பொறி மொழியை 1967இல் உருவாக்கியவர்களுள் ஒருவர். 1980இல் வெளியிட்ட தம் நூலின் முன்னுரையில், சிறுவயதில் மோட்டார் வண்டியின் பற்சக்கரங்கள்மேல் தமக்கிருந்த மோகத்தைப் பற்றி எழுதியுள்ளார். பிற்காலத்தில் வாய்பாட்டையும் சமன்பாட்டையும் பற்சக்கரங்களாகவே மனத்தில் கண்டு எளிதில் கற்றாராம். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பற்சக்கரம் வாங்கிக் கொடுத்தால் போதும் என்று அவர் சொல்லவில்லை. தாம் அவற்றை நேசித்ததே காரணம் என்றார். லோகோ மொழியில் திரையில் ஓர் ஆமை நகரும். சதுரம் வரைய வேண்டுமானால் பிள்ளை தன்னையே ஆமையாக எண்ணி நடந்து பார்க்க வேண்டும்: முன்னே நட, தொண்ணூறு பாகை திரும்பு, மீண்டும் நட. உருவெடுத்தல் இங்கே வடிவியல் ஆகிறது.

ஸ்டான்ஃபோர்டில் 2009இல் வெளியான மற்றோர் ஆய்வும் குறிப்பிடத்தக்கது. எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் திரையில் ஒரு பாத்திரத்தைக் கொடுத்து, “இதற்கு நீ பாடம் சொல்லிக்கொடு” என்றார்கள். தமக்காகப் படித்தவர்களைவிட, அந்தப் பாத்திரத்துக்காகப் படித்தவர்கள் கூடுதல் நேரம் முயன்று படித்தார்கள். பேணுதல் இங்கே படிப்பு ஆகிறது. ஆகவே பாசம் கல்விக்குப் பகை அன்று. அதுவே கல்வியின் வாயில். வாயிலைக் கடந்தபின் எங்கே போகிறோம் என்பதுதான் கேள்வி.

சிறைப்பட்ட பாசம்

எல்லாப் பாசமும் வெளியே அழைத்துச் செல்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் தன் பதினோராவது நோய்ப் பட்டியலில் ‘விளையாட்டு நோயை’ச் சேர்த்தது, அப்பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விளையாட்டின்மேல் கட்டுப்பாடு இழத்தல், மற்ற எல்லாவற்றையும்விட அதையே பெரிதாகக் கொள்ளுதல், தீங்கு நேர்ந்தும் விடாதிருத்தல் ஆகிய மூன்றும் பொதுவாக ஓராண்டு அளவு நீடித்தால் அது நோய். சில மணி நேரம் விளையாடுவதெல்லாம் நோய் ஆகாது என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை இத்தகையோருக்கென 2014 முதலே தனிச் சேவை நடத்தி வருகிறது.

பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகள் இதனினும் கொடியவை. தமிழ்நாடு இதற்கென 2023இல் சட்டம் கொண்டுவந்தது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியான நம் காரைக்காலுக்கு அது பொருந்தாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடுவதை நாடு முழுவதற்கும் தடை செய்கிறது. கல்விக்கும் பொழுதுபோக்குக்கும் உரிய விளையாட்டுகளை அது தடுக்கவில்லை. சட்டமும் பிரித்துப் பார்க்கிறது. நாமும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

மூன்று கேள்விகள்

ஒரு மெய்நிகர் உலகம் நமக்குக் கற்பிக்கிறதா, நம்மைக் கட்டிப்போடுகிறதா என்று அறிய மூன்று கேள்விகள் போதும். அங்கே கற்றதை வெளியே ஏதேனும் ஒரு வேலைக்குப் பயன்படுத்த முடிகிறதா? நாம் விலகிப் போனால் அது பொறுத்திருக்கிறதா, அல்லது அச்சுறுத்தி அழைக்கிறதா? அதைப் பற்றி வீட்டில் ஒருவரோடு பேச முடிகிறதா, அல்லது மறைக்கத் தோன்றுகிறதா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால் அஞ்ச வேண்டியதில்லை.

நம் கல்லூரியில் படிப்பவர்களில் பலர் உழவர், மீனவர் வீட்டுப் பிள்ளைகள். அரசலாற்றின் நீரோட்டம், நம் கடற்கரையின் மாற்றம், கடைமடை வாய்க்கால்களின் வரைபடம் ஆகியவற்றைத் திரையில் நாமே உருவாக்கலாம் அன்றோ? எவரோ படைத்த உலகத்தில் குடியேறுவதினும், நம் ஊரைத் திரைக்குள் நாமே படைப்பது மேலான கல்வி. அதற்கு ஊரை அளக்க வேண்டும்; அளக்க வேண்டுமானால் நடக்க வேண்டும்; நடந்தால் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் துறைக்கு ஒன்றாக இவ்வாண்டே தொடங்கிவிடலாம்.

நாடக வழக்கை முன்னோர் வெறுக்கவில்லை. உலகியல் வழக்கோடு சேர்த்தே வைத்தார்கள். திரைக்குள் விளையும் வயலை நேசிப்பதில் குற்றம் இல்லை. அந்த நேசம் திரும்பிவந்து, வரப்பில் நிற்கும் மனிதருக்கும் ஒரு கை கொடுக்க வேண்டும். அவ்வாறு கொடுக்கும் கல்வியை நாடுவோமாக.